14 மாதம் வாய்வு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்

என் மனிசிக்கு முதல் தடவை அந்த வயிற்று நோ வந்தது 2022 கந்தசஷ்டி முடிந்து பாறணை பண்ணிய அன்றிரவு. ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமுமாக இருந்தவளுக்கு மாமி பருப்பு, வடை, கத்தரிக்காய்ப் பொரியல், தேங்காய்ப்பாலை அள்ளி ஊற்றிய பாலாணம் என்று இலை நிறையப் போட்டிருந்தா. இரவு ஒன்றே முக்கால் மணிக்கு முழிப்பு வந்து பார்த்தால் பாயில் ஆள் இல்லை. பின்வளவில், அம்மிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தாள். இடது கை அம்மியைப் பிடித்திருந்தது. வலது கை விலா எலும்புக்குக் கீழே புதைந்திருந்தது. மார்கழிக் குளிர் தொடங்கும் முன்னமே நெற்றி முழுக்க வியர்வை.

"ஒண்டும் இல்லங்க. வாய்வுதான். நீங்க படுங்க."

மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூட்டிப்போவதுதான் வழக்கம். எனக்குச் சொந்த இடம் ஆரையம்பதி. கல்யாணத்துக்குப் பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம், மாமியின் வளவில் இருக்கிறேன். ஆகவே என் மனிசியின் வயிறு என் அதிகாரத்துக்கு உட்பட்டது அல்ல. மாமி எழும்பி வந்தா. ஓமத்தை வறுத்து அவித்த தண்ணி கொடுத்தா. ஒரு மணித்தியாலத்தில் நோ போய்விட்டது.

அந்த "போய்விட்டது" என்ற சொல்தான் எங்களை 14 மாதம் ஏமாற்றியது. அவளுக்கு இருந்தது பித்தப்பைக் கல். அந்த நோவின் குணமே அது. கல் வாசலில் போய் அடைபடும், பை அதைத் தள்ளிப் பார்க்கும், நோகும். கல் விலகியதும் நோ தானாகவே நின்றுவிடும். சிலநேரம் அரை மணித்தியாலம், சிலநேரம் நாலைந்து மணித்தியாலம். அதற்குள் வீட்டிலுள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? ஓமத் தண்ணி, இஞ்சிச் சாறு, சுட்ட உள்ளி, சுடுதண்ணிப் போத்தில், பாமசியில் வாங்கின கப்சூல் என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். கடைசியாக எதைக் கொடுத்தார்களோ அதற்குத்தான் பேர். எங்கள் வீட்டில் ஓமத் தண்ணிக்குக் கிடைத்த மரியாதை இப்படி வந்ததுதான். நான் படிப்பிப்பது கணக்கு. காரணம் எது, தற்செயல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டிய ஆள். நானும் நம்பினேன்.

அடுத்த சில மாதம் பெரிதாக ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு தடவை வரும், போகும். அவளுக்கு அப்போது வயது 41, மூன்று பிள்ளைகள், சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) இரண்டு வருடமாகக் குளிசை. பித்தக்கல் வருவதற்கு இவை எல்லாமே வாய்ப்பைக் கூட்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நாள்கணக்காகச் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதும் பித்தத்தைப் பைக்குள் தேங்க வைக்குமாம். விரதம்தான் கல்லைக் கொடுத்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கல் அதற்கு முன்னமே உள்ளே இருந்திருக்கும். விரதத்துக்குப் பிறகு வந்த வடையும் பாலாணமும் அதைத் தட்டி எழுப்பின, அவ்வளவுதான்.

2023 சித்திரையில் ஒரு நாள் நோ நடு நெஞ்சுக்குக் கீழே வந்தது. பயந்து ஒரு தனியார் வைத்திய நிலையத்துக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள். அது செய்யவேண்டிய வேலைதான். நாற்பது தாண்டிய, சீனி வருத்தம் உள்ள ஒருவருக்கு மேல்வயிறு நொந்தால் மாரடைப்பு இல்லை என்று முதலில் பார்த்தே ஆகவேண்டும். இதயம் நோமல். "கேஸ்ரைட்டிஸ்", அதாவது இரைப்பைப் புண், என்று ஒமிப்பிரசோல் என்ற அமிலம் குறைக்கும் கப்சூலை ஒரு மாதத்துக்கு எழுதினார்கள். மாதம் முடிய இன்னொரு மாதம். பிறகு இன்னொன்று. வைத்தியரிடம் நாங்கள் போய்ச் சொன்னது என்ன? "வயித்து நோ சேர், வாய்வு மாதிரி." நாங்களே வருத்தத்துக்குப் பேர் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அந்தப் பேருக்கு மருந்து எழுதினார்.

பிறகு எண்டொஸ்கொப்பி. வாய்க்குள்ளால் குழாய் விட்டார்கள். இரைப்பையில் கொஞ்சம் சிவப்பு, மற்றதெல்லாம் நோமல். அன்றைக்கு நாங்கள் சந்தோசமாகத் திரும்பி வந்து கல்லடியில் இறங்கி ஐஸ்கிறீம் குடித்தோம். அந்தக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரைக்கும்தான் பார்க்கும். பித்தப்பை இருப்பது அந்தப் பாதைக்கு வெளியே, ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு. நாங்கள் பார்த்தது வேறு வீட்டை. அந்த வீட்டில் கள்ளன் இல்லை என்று ஊரிலேயே கள்ளன் இல்லை என்று நினைத்துவிட்டோம்.

ஸ்கான் எடுக்காமல் இல்லை. எடுத்தோம். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கதை. காலையில் போகச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி ஒருவரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லி நாங்கள் கவனிக்காமலும் விட்டிருக்கலாம். அவள் பால் தேத்தண்ணியும் ஒரு பணிஸும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். கொழுப்புள்ள எதுவும் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கித் தன்னிடம் இருக்கும் பித்தத்தைக் குடலுக்குள் பிழிந்துவிடும். அதன் வேலையே அது. சுருங்கிய பைக்குள் கல் இருந்தால் சரியாகத் தெரியாது. ரிப்போட்டில் ஒரு வரி அதைச் சொல்லியே இருந்தது: பித்தப்பை சுருங்கியிருக்கிறது, வெறும் வயிற்றில் திரும்பப் பார்க்கவும் என்று. கடைசியில் கொட்டை எழுத்தில் இருந்த ஈரலும் சிறுநீரகமும் நோமல் என்ற வரியைத்தான் நான் வாசித்தேன். மருந்து எழுதியவரும் அதைத்தான் வாசித்தார் போல. இரண்டாவது ஸ்கானுக்கு நாங்கள் போகவில்லை.

வயிற்று ஸ்கானுக்குப் போகிறவர்கள் ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள். பால் தேத்தண்ணி சாப்பாடுதான். எங்கள் ஊரில் அதை ஒருவரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுக்கிறவர்கள் பட்டினி கிடக்கும் காலையில் அதை என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போட்டைக் கையில் தந்தால் முழுவதையும் வாசியுங்கள், விளங்காவிட்டால் "இந்த வரி என்ன?" என்று விரலை வைத்துக் கேளுங்கள்.

ஐப்பசியில் நோ அடிக்கடி வரத் தொடங்கியது. அப்போதுதான் நான் மூத்தவளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்தேன். கோடு போட்டு ஐந்து நிரல்: திகதி, தொடங்கின நேரம், கடைசியாகச் சாப்பிட்டது என்ன, எங்கே நோகுது, எப்போது நின்றது. மார்கழி முடிய 11 பதிவு. ஒன்பதில் பொரியல், தேங்காய்ப்பால், எருமைத் தயிர் மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தது. பசியில் வந்தது ஒரு தடவைகூட இல்லை. நாலு தடவை, முதுகில் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே "ஆணி அடிக்கிற மாதிரி" என்று அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தேன். விசயம் முழுக்க அந்தக் கொப்பியில் இருந்தது. கொப்பி அலுமாரிக்குள் இருந்தது.

2024 தைப்பொங்கல். புக்கைக்கு நெய்யும் கசுக்கொட்டையும் அளவுக்கு மிஞ்சியே போட்டிருந்தா மாமி. மத்தியானம் தொடங்கின நோ இரவு ஒன்பது மணியாகியும் நிற்கவில்லை. மூன்று தடவை சத்தி. ஓமத் தண்ணியும் வெளியே வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் காய்ச்சல், உடம்பு நடுங்குது. மாமி அப்போதும் அடுப்படியில் எதையோ இடித்துக்கொண்டிருந்தா.

"மாமி, இது வாய்வு இல்ல. நான் ஓட்டோவுக்குச் சொல்லிட்டன்."

உரலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் அவளுடைய மாத்துச் சேலையை மடித்துக்கொண்டு வந்தா. மூத்தவள் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து பையில் வைத்தாள். நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை.

மழை. மண்முனைப் பாலத்தில் ஓட்டோவின் வெளிச்சம் தண்ணியில் விழுந்துகொண்டே வந்தது. 2014 இல் அந்தப் பாலம் வருவதற்கு முதல் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனம் அந்த இடத்தில் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் வாவியைக் கடப்பது. இரவில் வருத்தம் வந்தால் பாதைக்காரனை எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிப் போகவேண்டும். மாமியின் தங்கை ஒருத்தியை அந்தக் கரையில் வைத்தே இழந்தவர்கள் இவர்கள். பாலத்தில் ஏறியதும் மாமி கையெடுத்துக் கும்பிட்டா, எந்தச் சாமியை என்று நான் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் டொக்டர். முகத்தில் தூக்கம் இருந்தது, கேள்வியில் இல்லை. எப்போது தொடங்கியது? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்? நோ எங்கே போகுது? மூத்திரம் பிளேன்ரீ நிறத்தில் போகுதா? மலம் வெளிறிப் போயிருக்கா? நான் கொப்பியை நீட்டினேன். ஒரு நிமிடம் இருக்கும், பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவளுடைய வலது விலாவுக்குக் கீழே நாலு விரலை வைத்து அழுத்தி, "மூச்சை நல்லா உள்ளுக்கு இழுங்க அக்கா" என்றார். அவள் இழுத்தாள். பாதியில் மூச்சு அப்படியே நின்றது. கண் விரிந்து, வாய் திறந்தபடி, ஒரு சத்தமும் இல்லை. மூச்சு இழுக்கும்போது ஈரலோடு சேர்ந்து பித்தப்பையும் கீழே இறங்கி அந்த விரலில் வந்து முட்டும். புண்பட்ட பையாக இருந்தால் ஆள் மேற்கொண்டு மூச்சை இழுக்க முடியாது. எண்டொஸ்கொப்பியும் மாதக்கணக்கில் குடித்த கப்சூலும் சொல்லாததை அந்த நாலு விரல் சொன்னது.

இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. ஈரல் சோதனை பரவாயில்லை. கணையத்துக்கும் பார்த்தார்கள், அது தப்பியிருந்தது. கல் பொதுப் பித்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுக்கும், குளிர் காய்ச்சல் வரும், கணையமும் வீங்கலாம். அதுதான் உயிருக்கு ஆபத்தான கட்டம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கரைப்பற்று உம்மாவுக்கு அப்படித்தான். அவருக்கு முதலில் குழாய்க்குள் இருக்கும் கல்லை வாய்வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும், பிறகுதான் பையை எடுக்கலாம் என்று வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். போகும்போது என் மனிசியின் தலையைத் தடவி "உனக்கு லேசா முடிஞ்சிரும் மகள்" என்று சொல்லிவிட்டுப் போனா. அந்த உம்மா இப்போது எப்படி இருக்கிறாவோ.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் ஸ்கான். கல் ஒன்றல்ல, பல. பையின் சுவர் தடித்து வீங்கியிருந்தது. வாயால் ஒன்றும் கொடுக்காமல் சேலைனும் அன்ரிபயோட்டிக் ஊசியும் ஐந்து நாள்.

இப்படி வீங்கிய பையை அந்த முதல் சில நாளுக்குள்ளேயே எடுப்பதும் உண்டு, வீக்கம் வற்ற விட்டு ஆறு கிழமைக்குப் பிறகு எடுப்பதும் உண்டு. அவளுக்குச் சீனி எகிறிப்போய் இருந்ததால் சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டாவதைத் தீர்மானித்தார். வீட்டுக்கு விடும்போது சொன்னது இதுதான்: எண்ணெய், தேங்காய்ப்பால், நெய், தயிர், முட்டை மஞ்சள் கரு, கொழுப்பு இறைச்சி வேண்டாம். திரும்ப நோவோ காய்ச்சலோ மஞ்சளோ வந்தால் தவணைக்குக் காத்திராமல் உடனே வரவேண்டும்.

தேங்காய்ப்பால் இல்லாமல் மட்டக்களப்பில் சமைப்பதா? மாமிக்கு அது சத்திரசிகிச்சையை விடப் பெரிய செய்தி. முதல் இரண்டு நாள் "கொஞ்சமாத்தான் விட்டன் மகன், மூணாம் பால்தானே" என்று தப்பப் பார்த்தா. பிறகு இறங்கி வந்து, மீனைப் புளி கரைத்து உப்புத் தூள் போட்டு வற்ற வைத்த புளியாணம், அவித்த மரக்கறி, எண்ணெய் காட்டாமல் சுட்ட மீன் என்று தனி அடுப்பே வைத்தா. நாங்களும் அதையே சாப்பிட்டோம். எனக்கு நாலு கிலோ குறைந்தது.

அந்த ஆறு கிழமையில் வீட்டுக்கு வந்த வைத்தியம் கொஞ்ச நஞ்சம் அல்ல. வாழைத்தண்டுச் சாறு குடி, சிறுபீளை அவித்துக் குடி என்றார்கள். அவர்கள் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு. அந்தக் கல் வேறு, வழி வேறு, மூத்திரத்தோடு வெளியே வரும். பித்தப்பைக்குள் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு உறைந்த கல், அதற்கு மூத்திரப்பக்கம் வாசலே இல்லை. இன்னொருவர் ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் ஒரே மூச்சில் குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கல் விழும் என்று போனில் படமும் அனுப்பினார். விழுவது கல் அல்ல. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சவர்க்காரம் மாதிரிக் கட்டியாகி வருவது. கல் நிறைந்த பைக்கு ஒரு கோப்பை எண்ணெய் கொடுப்பது எரிகிற அடுப்பில் நெய் ஊற்றுவது. கல்லைக் கரைக்கும் ஆங்கில மருந்து ஒன்று உண்டுதான். சின்னக் கொழுப்புக் கல்லுக்கு மட்டும், மாதக்கணக்கில் எடுக்கவேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். வீங்கி முடிந்த பைக்கு அது உதவாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய பயம் வேறு. ஒரு நாள் இரவு கேட்டாள்.

"ஒரு உறுப்பையே வெட்டி எடுத்துப் போட்டா, பொறகு நான் என்னத்தைச் சாப்பிடுற?"

பித்தத்தைச் சுரப்பது ஈரல். பை அதைச் சேர்த்து வைக்கிற ஒரு சின்னக் குளம், முப்பது ஐம்பது மில்லிலீற்றர் பிடிக்கும். குளத்தை மூடினாலும் ஆறு ஓடும், நேரே வயலுக்குப் போகும் என்றேன். வயல்காரன் மகள். உடனே விளங்கியது. "அப்ப ஒரேயடியாக நிறையத் தண்ணி கேட்டாத்தான் கஷ்டம்" என்றாள். நான் சொன்னதைவிட அது சரி. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விடலாமே என்றும் கேட்டாள். கல்லை உருவாக்குவது அந்தப் பை, விட்டால் இன்னும் செய்யும்.

மாசியில் திகதி கிடைத்தது. போனால் அவளுக்கு இருமல். மயக்க மருந்து டொக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு மூன்று கிழமை தள்ளி வைத்தார். எங்களுக்குக் கோபம். ஆனால் பிழை எங்களுடையது, நாலு நாளாக இருமல் இருந்ததை முதலே சொல்லியிருக்கலாம், அந்த இடத்தில் வேறொருவருக்கு ஒப்பரேசன் நடந்திருக்கும்.

பங்குனியில் நடந்தது. சம்மதக் கையெழுத்து வாங்கும்போது எல்லாவற்றையும் சொன்னார்கள்: தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று, மேலே மூன்று, மொத்தம் நாலு சின்னத் துளை, வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயு அடித்து ஊதி வைத்து, கமராவில் பார்த்துச் செய்வது. உள்ளே ஒட்டியிருந்து ஆபத்தாகத் தெரிந்தால் திறந்து செய்ய நேரிடும், அப்படிச் செய்தால் அது தோல்வி அல்ல, பாதுகாப்பு. இதை முதலே கேட்டிருந்தது நல்லது. தியேட்டர் வாசலில் இரண்டு மணித்தியாலம் கடந்தபோது என் மனம் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. திறக்கவில்லை. நாலு துளையோடு முடிந்தது.

அன்று பின்னேரம் அவளுக்கு வயிற்றைவிட வலது தோள் நொந்தது. மாமிக்குக் கண்ணூறு என்ற எண்ணம். மிஸ்ஸி (தாதி) வந்து சொன்னா, உள்ளே அடித்த வாயுவில் கொஞ்சம் மிச்சம் இருந்து நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்றகட்டை உறுத்துது, அந்த நோ தோளில் தெரியும், எழும்பி நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும் என்று. மனிசி சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்க, பதினாலு மாசமா இல்லாத வாய்வு இப்பதான் உண்மையா வந்திருக்கு."

அடுத்த நாள் மத்தியானம் வீடு. கிளினிக் கொப்பியும் வருத்த விபரம் எழுதின டயக்னோசிஸ் அட்டையும் கையில் தந்ததும் முதல் வேலையாகப் போனில் படம் எடுத்து வைத்தேன். காய்ச்சல், மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்று நோ, காயத்தில் நீரோ சீழோ வடிதல் ஏதாவது வந்தால் உடனே வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமை மெதுவான வேலை, பாரம் தூக்குவதை மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிவைத்தாள். முதல் மாதம் எண்ணெய்ச் சாப்பாடு பட்டால் நேரே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. அது மெல்ல மெல்லக் குறைந்தது. பாலாணம் திரும்ப வந்துவிட்டது, இரண்டாம் பாலில். இரவுத் தயிர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எடுத்த பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள், புற்று ஏதும் இருக்கா என்று பார்க்க. அந்த ரிப்போட் வர நாள் எடுக்கும், பலர் காயம் ஆறியதும் அதை மறந்துவிடுகிறார்கள். நான் மூன்று தடவை போய் எடுத்தேன். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நாட்பட்ட அழற்சி, வேறொன்றும் இல்லை.

கல்லை ஒரு சின்னப் போத்திலில் போட்டுத் தந்திருந்தார்கள். கொத்தமல்லி அளவில் பல, கடலை அளவில் இரண்டு, மஞ்சளும் கபிலமுமாக, சில பக்கம் பக்கமாகத் தேய்ந்து மினுங்கும். மாமி அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை, கிணற்றுக்கட்டில் இருந்தது. சின்னவன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விஞ்ஞான ரீச்சருக்குக் காட்டியிருக்கிறான். கொண்டுபோகும்போது நான் எண்ணிப் பார்த்தது 23. திரும்பி வந்தது 21.